எரிமலைக்குப் பக்கத்தில் குதித்தவள்

எரிமலைக்குப் பக்கத்தில், நடுக்கடலில் குதித்தவள் நான். ஐம்பத்தைந்து வயதில், சுடிதாரோடு, கழற்றாத மெட்டியோடு குதித்தேன். இதை ஆர்.எஸ்.புரத்தில் பட்டுச்சேலைக் கடையில் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்குள் அவரிடமும் சொல்லிவிட்டேன். கல்யாண மண்டபங்களில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சொல்கிறேன். பெருமை பீத்திக்கொள்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதும் எனக்குத் தெரியும். பீத்திக்கொள்ளத்தான் செய்கிறேன். வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு தடவையும் ஏதாவது விட்டுப்போகிறது, அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. வாழ்க்கைப்பட்டது பெரியநாயக்கன்பாளையத்தில். என் கணவர் அங்கே சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருக்கிறார். தண்ணீர் பம்புகளுக்கு வேண்டிய இரும்பு உருப்படிகளை வார்த்துக் கொடுப்பது தொழில். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களோடு அவருடைய அக்காவும் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கையா என்போம். நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது.

எங்கள் தோப்பில் ஒரு கிணறு இருந்தது. பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் படிக்கட்டு, மேலே மோட்டார் ரூம். நீச்சல் கற்றுக்கொடுப்பது என்று அங்கே ஒன்றும் கிடையாது. பெரியம்மா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து மிதப்பதற்காக இடுப்பில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி மோட்டார் ரூம் சுவரிலிருந்து தள்ளிவிட்டுவிடுவார்கள். நாலு நாள் தண்ணீர் குடித்தால் ஐந்தாம் நாள் புருடை தேவைப்படாது. நான் மற்றவர்களைவிட நன்றாகவே நீந்துவேன். அடியில் போய் மண்ணை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவேன். கல்யாணம் நிச்சயமான மாதம்வரை அந்தக் கிணற்றில் குதித்திருக்கிறேன். அப்புறம் குதிக்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் குழாய்த் தண்ணீர்தான். சில வருடங்களில் எங்கள் தோப்புக் கிணறும் வற்றிப்போய், அண்ணன் போர் போட்டுவிட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது எனக்கு நல்லா நீந்தத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். நங்கையா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. ஊர்ப்பேரில் கிணறு இருந்தால் எல்லோரும் நீந்திவிடுவார்களா என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால், அம்மணியை நீந்திப்போய்ப் பால் வாங்கிவரச் சொல்லுங்கள் என்பார். குற்றாலத்துக்குப் போனால், அருவியில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறிவிடாதே என்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஒருத்தர்கூட நம்பவில்லை. எனக்குக் கோபம் வரும், எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்துவைப்பேன். இதெல்லாம் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய வீட்டு நகைச்சுவை.

போன வருடம் எங்கள் சொந்தபந்தம், தெரிந்தவர்கள் என்று ஒரு கூட்டமாக டூர் ஆபீஸ் மூலம் கிரேக்க நாட்டுக்குப் போனோம். கூடவே ஒரு சமையல்காரரும் குக்கரும் பொன்னி அரிசியும் வந்தன. பயணத் திட்டத்தை எனக்குப் போனில் அனுப்பியிருந்தார்கள். சாண்டோரினி என்ற எரிமலைத் தீவைச் சுற்றி ஒரு நாள் முழுக்கப் படகுப் பயணம், நடுவில் ஒரு வெந்நீர் ஊற்றில் நிறுத்துவார்கள், நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் குதித்துப் போய்வரலாம் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. பழைய கரும்பச்சைச் சுடிதார் ஒன்றையும் ஒரு துண்டையும் தனியாகக் கைப்பையில் வைத்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. உடம்புக்கு இன்னும் ஞாபகம் இருக்குமா என்று எனக்கே தெரியாதபோது யாரிடம் என்னவென்று சொல்வது.

அந்தத் தீவு எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டும். ஒரு காலத்தில் அது பெரிய மலையாக இருந்ததாம். வெடித்து நடுப்பகுதி அப்படியே உள்ளே போய்விட்டது, அந்தப் பள்ளத்தில் கடல் வந்து நிறைந்துகொண்டது. மிச்சம் நிற்பது மலையின் விளிம்புதான். செங்குத்தாக நிற்கும் அந்த விளிம்பின் உச்சியில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். கடலின் நடுவில் பிறகு எழும்பிய கறுப்புத் தீவுகள் இரண்டு. எரிமலை இன்னும் அங்கேதான் இருக்கிறது, அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

மரப்படகு. எங்களோடு வேறு ஊர்க்காரர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். வழிகாட்டியாக ஒரு பெண், என் மகள் வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம், ஆங்கிலத்தில் படபடவென்று பேசுவாள். படகு கிளம்பியதும் ஒரு பெரிய தட்டில் தர்ப்பூசணியும் சூடான பாலாடைக்கட்டிப் பணியாரம் மாதிரி ஒன்றும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்தாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டால், போதுங்க என்றுதான் சொல்லவேண்டும். வயிறு காய்ந்தாலும் அப்படித்தான். அவர்கள் மறுபடி கேட்பார்கள், இருக்கட்டுங்க என்போம். மூன்றாம் தடவை கேட்கமாட்டார்கள், இட்லி இலையில் விழுந்துவிடும். முதல் தடவையே சரி என்று நீட்டினால் பறக்காவெட்டி என்று நினைப்பார்கள். கேட்கிறவருக்கும் இது தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் தட்டை நீட்டினாள், எங்கள் ஆட்கள் வரிசையாக நோ, நோ, தேங்க்ஸ் என்றார்கள். அவள் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். கடைசியில் தட்டு எங்களைக் கடந்து முன்பக்கம் போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். கோயமுத்தூர்க் கூட்டம் மொத்தமும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி வருவாளா என்று நங்கையா என் காதில் கேட்டார். வரவில்லை. சமையல்காரர் கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் பிரித்தோம்.

முதலில் கறுப்புத் தீவில் இறக்கிவிட்டார்கள். மேலே ஏற வேண்டும், நிழல் என்பது கிடையாது, வழியெல்லாம் கருங்கட்டிகள். பாறைப் பிளவுகளிலிருந்து லேசாக ஆவி வந்தது. பட்டாசு வெடித்த மறுநாள் தெருவில் அடிக்கும் வாசனை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தபோது என் கணவர் மட்டும் குனிந்து ஒரு கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பவுண்டரியில் உருக்குகிற உலையிலிருந்து கசடு வழித்துப் பின்பக்கம் கொட்டுவார்கள், அது ஆறினால் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உலகமெல்லாம் காசு கொடுத்துப் பார்க்க வருவதை நாங்கள் வருடக்கணக்காகக் கொல்லைப்புறத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அங்கிருந்து கிளம்பி இரண்டாவது கறுப்புத் தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். கரையில்லை. கொஞ்ச தூரத்தில் பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன வளைவு, அங்கே மட்டும் கடல் பழுப்பாக இருந்தது. எரிமலைச் சூடு அங்கேதான் கடலுக்குள் கசிகிறதாம். படகு நின்ற இடத்தில் தண்ணீர் ஆழமாகவும் குளிர்ந்தும் இருக்கும், நீந்திப் போனால் வெதுவெதுப்பு வரும், வெள்ளி நகை போட்டிருந்தால் கறுத்துவிடும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் பின்பக்க ஏணிக்கு வாருங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

பையின் ஜிப்பில் கை வைத்துவிட்டேன். அவள் என் முன்னால் வந்து நின்று, நீங்கள் மேடம் என்றாள்.

நோ, நோ, இட்ஸ் ஓகே என்றேன்.

யார் சொன்னது என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை. முப்பது வருடக் கனவு, பையில் சுடிதார், ஜிப்பில் கை, இத்தனையும் இருக்க வாய் அது பாட்டுக்குப் போதுங்க என்று சொல்லிவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். சரி, இன்னொரு தடவை கேட்பாள் என்று உட்கார்ந்திருந்தேன். காலையில் தர்ப்பூசணித் தட்டு போன வழியைக் கண்ணால் பார்த்தவள், அப்படியும் உட்கார்ந்திருந்தேன். என்னைப்போல் மடச்சி உண்டா.

ஏணிப் பக்கம் ஒவ்வொருவராகக் குதிக்க ஆரம்பித்தார்கள். கத்தல், சிரிப்பு. ஒரு தாத்தா வயதுக்காரர் தன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் குதித்தார். அந்தப் பெண் திரும்ப வரவில்லை, ஏணியருகே நின்று தண்ணீரில் இருக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நங்கையா என் தோளில் தட்டினார்.

"ஏ அம்மணி, நீயும் போயிருந்தீன்னா இந்நேரம் மீனுக்கெல்லாம் விருந்துதான்."

எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

ஆடுகிற படகில் கம்பியைப் பிடித்துப் பிடித்து அந்தப் பெண்ணிடம் போனேன். ஐ வான்ட் டு ஸ்விம் என்றேன். அந்த வான்ட் என்ற வார்த்தை வாயில் முள் மாதிரி குத்தியது. மகளுக்கு வேணும், அவருக்கு வேணும், பவுண்டரிக்கு வேணும், பூஜைக்கு வேணும் என்று எத்தனையோ கேட்டிருக்கிறேன். எனக்கு வேணும் என்று யாரிடமும் போய் நின்றதில்லை. அவள் புரியாமல் பார்த்தாள், நீங்கள் வேண்டாம் என்றீர்களே என்றாள். எங்கள் ஊர் இட்லி விவகாரத்தை அந்த நேரத்தில் எப்படி விளக்குவது. ஐ வான்ட் என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். படகோட்டி தூரத்திலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எங்களோடு வந்திருந்த டூர் ஆபீஸ்காரர் ஓடிவந்து, ரிஸ்க்குங்க, இன்சூரன்ஸ் வராதுங்க, தயவுசெய்து உட்காருங்க என்று கெஞ்சினார். நங்கையா தமிழிலேயே அவளுக்கெல்லாம் நீச்சல் தெரியாது என்று கையை ஆட்டினார். தமிழ் புரியாவிட்டாலும் கை புரிந்துவிட்டது. அந்தப் பெண் என் கணவரைப் பார்த்தாள். இவர் உங்கள் மனைவியா, இவருக்கு நீந்தத் தெரியுமா என்று நேராக அவரிடம் கேட்டாள்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் பொய் சொல்லமாட்டார். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால்கூட, வாங்க வந்தவரிடம் தானே காட்டித் திருப்பி வாங்கிக்கொள்வார். அந்த மனிதர் என்னைத் தண்ணீரில் பார்த்ததே இல்லை. தெரியாது என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றார்.

"எஸ். ஷி நோஸ்" என்றார்.

அந்தப் பெண் படகோட்டியிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னிடம் சரி என்றாள். படகின் பாத்ரூமில் இடித்துக்கொண்டு சுடிதாரை மாற்றினேன். மூக்குத்தி, வளையல், கண்ணாடி எல்லாம் அவர் கையில். மெட்டியையும் கழற்றுங்கள், கறுத்துவிடும் என்று அந்தப் பெண் சைகை காட்டியபோது, மெட்டியை மட்டும் கழற்றக் கூடாது என்று நங்கையா குறுக்கே வந்தார். அன்றைக்கு நானும் நங்கையாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கண்ணாடி இல்லாததால் கடல் எனக்கு வெறும் நீலமாகத்தான் தெரிந்தது. அது நல்லதாய்ப் போயிற்று. எனக்கு முன்னால் குதித்தவர்கள் எல்லாம் கையை நீட்டித் தலைகுப்புறக் குதித்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் கிணற்றில் எப்படிக் குதிப்போமோ அப்படி, காலை மடக்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். படகில் பாதிப்பேர் நனைந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். நங்கையா முழுக்க நனைந்துவிட்டார்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். உள்ளே போனதும் கை எது, கால் எது என்று தெரியவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கால்கள் தாமாகவே உதைத்துக்கொண்டன. மேலே வந்து, மூக்கிலும் தொண்டையிலும் உப்பு எரிய, மூச்சு விட்டேன். இன்னொரு பயம் அப்போதுதான் வந்தது. கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்துக் கை போட்டால் ஒரு சுவர் கையில் தட்டும். இங்கே சுவரே இல்லை. கை போடப் போட எதுவும் தட்டவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிக் கொடுக்கிறது. கிணற்றில் நான் பட்ட பாட்டில் பாதிகூட இங்கே இல்லை. அது புரிந்ததும் பயம் விட்டது.

அந்தப் பெண்ணும் ஒரு மிதவை வளையத்தோடு என் பின்னாலேயே குதித்துவிட்டாள். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, சுடிதார் முதுகில் உப்பிக்கொள்ள, நான் என் பாட்டுக்குப் போனேன். திடீரென்று வயிற்றில் சூடு பட்டது. எண்ணெய்க் குளியலுக்கு விளாவி வைத்த தண்ணீர் மாதிரி பதமான சூடு. நீலம் போய்ப் பச்சை, பச்சை போய்ப் பழுப்பு. காலில் சேறு தட்டியது. ஒரு எரிமலை சூடாக்கிக் கொடுத்த தண்ணீரில் கழுத்தளவு நின்றேன்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் மொத்தமும் படகின் ஒரே பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் படகு சாய்ந்திருந்தது. படகோட்டி அந்தப் பக்கம் போங்கள் என்று கத்தியது கேட்டது. ஒருவரும் அசையவில்லை. கண்ணாடி இல்லாமல் எனக்கு முகங்கள் தெரியவில்லை, சேலை நிறங்கள் மட்டும் தெரிந்தன. கைதட்டினார்கள். அப்போது எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வது. கல்யாணத்தன்று அது இல்லை. மகள் டாக்டருக்குப் படித்து முடித்தபோது பெருமைப்பட்டேன், அது அவளுடைய பெருமை. இது முழுக்க என்னுடையது.

திரும்பும்போதுதான் கஷ்டம். சூட்டிலிருந்து குளிருக்கு வந்ததும் தோள் வலித்தது, மூச்சு வாங்கியது. அந்தப் பெண் வளையத்தை நீட்டினாள். நோ என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நீட்டினாள். எங்கள் ஊர் வழக்கம் அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது போல. மறுபடியும் நோ என்றேன். அந்த இரண்டும் நிஜமான வேண்டாம். நின்று நின்று, மல்லாந்து கொஞ்சம் மிதந்து, ஏணியை நானே பிடித்தேன்.

ஏறி வந்ததும் நங்கையா ஒரு துண்டோடு நின்றிருந்தார். நனைந்த சேலையோடு, என் தலையைப் பிடித்துக் கழுத்து வலிக்கும்படி துவட்டினார். துவட்டிக்கொண்டே சுற்றி நின்றவர்களிடம், எங்கூட்டுக்கு வந்த மொத வாரத்துலயே இவ நல்லா நீந்துவேன்னு சொல்லிப்போட்டா என்று அறிவித்தார். அது உண்மைதான், சொன்னேன்தான். சுடிதார் ஓரமெல்லாம் துரு நிறம் ஏறியிருந்தது. மெட்டிகள் கறுத்துப்போயிருந்தன. வேறு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் ஓட்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கணவர் வழக்கம்போல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸோ ரயிலோ விமானமோ, எங்கள் இருவரில் சன்னலோரம் அவருடையது. யாரும் அப்படி முடிவு செய்ததில்லை, அப்படியே ஆகிவிட்டது. நான் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து ஈரத் தலையை உதறிக்கொண்டே அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, நான் நீந்தி நீங்க ஒரு நாளும் பார்த்ததில்லையே. எந்தத் தைரியத்துல தெரியும்னு சொன்னீங்க?"

என் கண்ணாடியை அவர் சட்டைப்பையிலேயே மறந்து வைத்திருந்தார், அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"எனக்கென்ன தெரியும். நீ மேல வர்ற வரைக்கும் நெஞ்சு நெஞ்சா இல்ல" என்றார். "கல்யாணமாயி இத்தன வருசத்துல, எனக்கு இது வேணும்னு நீயா வாயத் தொறந்து கேட்டு நான் பார்த்ததில்ல. இன்னைக்குக் கேட்டே. தெரியாத ஒண்ண நீ கேக்கமாட்டேன்னு தோணுச்சு, சொல்லிப்போட்டேன்."

எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. நான் எதுவும் கேட்டதில்லை என்பதை இந்த மனிதர் இத்தனை வருடமும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஏன் கேட்பதில்லை என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். பஸ் மலைவிளிம்பில் திரும்பியது. அவருடைய பக்கத்து சன்னலில் கீழே கடல் முழுக்கத் தெரிய ஆரம்பித்தது.

"அந்த சன்னலோரம் எனக்கு வேணுங்க" என்றேன்.

அவர் எழுந்து வழிவிட்டார்.